சென்னையில் புயல்: வருஷா வருஷம் கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் அடுக்ககச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அதே சந்தேகங்கள் மறுபடி வரிசை கட்டும். நாங்கள் இருப்பது வேளச்சேரிப் பக்கம். வானம் இருட்டினாலே இங்கே எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். தனித்தனியாகப் பதில் தட்டி விரல் ஓய்ந்ததால், கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எடுத்து இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் சுலபமானவை, போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை. வெயில் அடிக்கும்போதே ஒருமுறை படித்து வையுங்கள். புயலன்று போனில் சார்ஜ் இருக்குமா என்று சொல்ல முடியாது.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல்னு தினமும் ஒண்ணு சொல்றாங்க. எதுக்குப் பயப்படணும்?

எல்லாம் ஒரே சங்கதியின் வளர்ச்சிப் படிகள்தான். காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை இருந்தால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டதும் புயல் என்று அறிவித்துப் பெயர் வைக்கிறார்கள். 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல் என்று ஏறிக்கொண்டே போகும்.

கவனிக்க வேண்டியது, இந்தப் படிகள் காற்றை மட்டுமே சொல்கின்றன. மழை எவ்வளவு என்பது இதில் இல்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையை மூழ்கடித்த மழைக்குப் புயல் என்ற பெயரே கிடையாது. அதனால் "வெறும் தாழ்வு மண்டலம்தானே" என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நம் ஊரில் காற்றைவிடத் தண்ணீரும் கரண்டும்தான் அதிகம் படுத்துகின்றன. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

ரெட் அலர்ட்னா ஸ்கூல் லீவுன்னு மட்டும்தான் தெரியும். உண்மையில என்ன அர்த்தம்?

மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். மழைக்கு இந்த நிறங்கள் வரும்போது பெரும்பாலும் இப்படி எடுத்துக்கொள்ளலாம்: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிக கனமழை, 204.4 மி.மீ.யைத் தாண்டினால் அதிகனமழை. சிவப்பு இந்தக் கடைசி வகைக்கு.

20 செ.மீ. மழை எவ்வளவு என்று மனதில் வாங்க ஒரு கணக்கு. 1,200 சதுர அடி மொட்டைமாடியில் அது விழுந்தால் ஏறத்தாழ 22,000 லிட்டர். கோடையில் நாம் காசு கொடுத்து வரவழைக்கும் 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட இரண்டு. ஒரு மாடிக்கே இவ்வளவு. தெருவில் எத்தனை மாடி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

போன தடவை ரெட் அலர்ட் கொடுத்தாங்க, வெயில்தான் அடிச்சுது. இதையெல்லாம் நம்பறதா?

2024 அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறீர்கள். மழைமேகம் எதிர்பார்த்ததைவிட வடக்கே நகர்ந்தது, சென்னை தப்பித்தது. கடலில் மையம் ஐம்பது, அறுபது கி.மீ. தள்ளிப் போனாலே இங்கே மழையின் அளவு தலைகீழாக மாறிவிடும். அடுத்த முறையும் அப்படியே தள்ளிப் போகும் என்பதற்கு யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. வாங்கி வைத்த பிரெட்டும் பால்பவுடரும் வீணாகவா போகும், சாப்பிடத்தானே போகிறோம்.

டிவியில "மூன்றாம் எண் கூண்டு ஏற்றம்"னு ஓடுது. எவ்வளவு பெரிய எண்ணோ அவ்வளவு ஆபத்தா?

கூண்டு நமக்காக ஏற்றுவது இல்லை, துறைமுகத்தில் உள்ள கப்பல்களுக்கும் படகுகளுக்கும். பகலில் கூம்பு, உருளை வடிவங்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்தையே மோசமான வானிலை தாக்கலாம். 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பெரும் ஆபத்து. 11 ஏற்றினால் வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

எண் கூடினால் ஆபத்து கூடும் என்பது முழுக்கச் சரியில்லை. 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம், புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதுதான். 8, 9-க்கும் அப்படியே. வீட்டில் இருப்பவர்கள் கூண்டைப் பார்த்து முடிவெடுக்கத் தேவையில்லை. நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள், போதும்.

முன்கூட்டியே என்னென்ன வாங்கி வைக்கணும்? லிஸ்ட் போடுங்க.

லிஸ்ட்டில் எல்லோரும் மறப்பது பணம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்தபோது, பழைய நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை, கரண்ட் இல்லாமல் ஏடிஎம் ஓடவில்லை, நெட் இல்லாமல் கார்டு மெஷினும் ஓடவில்லை. இன்று எல்லாம் ஜிபே என்றாகிவிட்டது. டவர் போனால் அதுவும் போச்சு. பத்து, இருபது, ஐம்பது என்று சில்லறை நோட்டாகக் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் என்று மூன்று நாளுக்குக் கணக்குப் போடுங்கள். கேன்காரர் புயலுக்கு மறுநாள் வர மாட்டார். கரண்ட் இருக்கும்போதே மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிடுங்கள். மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு. மெழுகுவத்தியைவிட டார்ச் நல்லது. காற்றடிக்கும் வீட்டில் திரைச்சீலைப் பக்கத்தில் மெழுகுவத்தி எரிவது வேறு வம்பு. பவர் பேங்க், கைக்குழந்தை இருந்தால் டயப்பர், பால்பவுடர், கொசுவத்தி. கேஸ் சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தால் முன்பே புக் பண்ணிவிடுங்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ் தாள்கள் எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் பரணில் வையுங்கள். பீரோவின் கீழ்த்தட்டில் பத்திரம் வைப்பது நம்மவர்களுக்கு ஒரு பழக்கம். தரைத்தளத்தில் தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான்.

மொட்டைமாடியில என்ன வேலை இருக்கு? எல்லாம் கான்கிரீட்தானே.

கான்கிரீட் பறக்காது, மேலே இருப்பவை பறக்கும். பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, கழற்றி வைத்த தகர ஷீட், பாதி ஆணி விட்ட டிஷ் எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள் அல்லது கட்டுங்கள். காலி சின்டெக்ஸ் டேங்க் உருண்டு போய் அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைக்கும். நிரப்பினால் அசையாது.

பிறகு மூலையில் உள்ள மழைநீர் ஓட்டையைப் பாருங்கள். எங்கள் மாடியில் ஒவ்வொரு வருஷமும் அதே காட்சி: வேப்பிலைச் சருகு, ஒரு பால் கவர், பட்டத்து நூல், இவை மூன்றும் சேர்ந்து அடைத்துக்கொண்டு கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அது படிக்கட்டு வழியாக இறங்கி லிஃப்ட் குழிக்குள் போகும். கையை விட்டு இரண்டு நிமிடம் எடுத்துப் போட்டால் லிஃப்ட் மெக்கானிக் பில் மிச்சம். லிஃப்ட்டையும் மேல்தளத்தில் நிறுத்தி ஆஃப் செய்துவிடுங்கள்.

ஜன்னல்ல டேப் ஒட்டினா கண்ணாடி உடையாதாமே? ஒரு ஜன்னலைத் திறந்து வச்சா அழுத்தம் குறையும்னும் சொல்றாங்க.

இரண்டும் தப்பு. பெருக்கல் குறி போல் டேப் ஒட்டுவது கண்ணாடிக்கு எந்தப் பலமும் தராது. உடைந்தால் பெரிய பெரிய துண்டாக விழும், அது இன்னும் மோசம். ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்றும் மழையும் உள்ளே வந்து, எதிர்ப்பக்கக் கதவையும் மேல்கூரையையும் உள்ளிருந்து தள்ளும். எல்லாவற்றையும் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்கள். கண்ணாடிக்குத் தடித்த திரையை இழுத்து விட்டு, கட்டிலை அங்கிருந்து நகர்த்துங்கள்.

காத்து பலமா அடிக்கும்போது வீட்டுல எந்த இடம் பத்திரம்?

கான்கிரீட் வீடு என்றால் ஜன்னல் இல்லாத உள் அறை, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள நடை, இப்படி ஏதாவது ஒன்று. வேடிக்கை பார்க்க பால்கனிக்கு வராதீர்கள். வெள்ளம் வரும் பகுதியில் தரைத்தளத்தில் இருந்தால், காற்று வலுக்கும் முன்பே முதல் மாடிக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை, ஓலைக் கூரை வீடுகளுக்கு உள்ளே பத்திரமான மூலை என்று ஒன்று கிடையாது. மொட்டைமாடியில் ஷீட் போட்டு வாடகைக்கு விட்டிருக்கும் அறைகளும் இதில் சேர்த்திதான். அங்கே இருக்கும் பையன்களை அன்று ஒரு ராத்திரி கீழே கூப்பிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

காத்து சட்டுனு நின்னுடுச்சு. ஓடிப்போய் பால் வாங்கிட்டு வந்துடட்டுமா?

வேண்டாம். புயலின் நடுவில் கண் என்று ஒரு அமைதியான பகுதி இருக்கும். அது உங்கள் தலைக்கு மேல் வரும்போது காற்று ஓய்ந்து, சில சமயம் வானம்கூட வெளுக்கும். கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ கழித்து மறுபாதி வரும். இந்த முறை காற்று எதிர்த்திசையிலிருந்து.

வர்தா பட்டப்பகலில் சென்னைக் கரையையே நேராகக் கடந்தது. முதலில் வடக்குப் பக்கமிருந்து மணிக்கணக்கில் அடித்த காற்று மரங்களின் வேரைத் தளர்த்திவிட்டது. கண் கடந்ததும் தெற்குப் பக்கமிருந்து தள்ளியபோது, தாக்குப்பிடித்திருந்தவையும் சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் போயின. தூங்குமூஞ்சி மரங்களும் மஞ்சள் பூ பூக்கும் பெருங்கொன்றைகளும் விழுந்து எத்தனை தெரு அடைபட்டது என்பது அன்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் மரத்தடியில் பைக்கை எடுக்கப் போவது எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரியில்லை. "புயல் முழுமையாகக் கரையைக் கடந்தது" என்று அறிவிப்பு வரட்டும்.

புயல் பாண்டிச்சேரிக்கோ ஆந்திராவுக்கோ போகுதுன்னா நமக்கு ஒண்ணுமில்லதானே?

குழுவில் அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். முதலில் தெற்கே போகும் புயலை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துப் புயல்களில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வடக்கே இருக்கும் கரையில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். ஆக, மாமல்லபுரம், புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தால் கடலை நம் மேல் தள்ளுவது அந்தப் பாதிதான். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் மாமல்லபுரம் அருகே கடந்தது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல்வரை போகப் போட்டிருந்த மரப்பாதை, திறந்து இரண்டு வாரம்கூட ஆகாதது, அந்த அலையில் பெயர்ந்தது.

இனி வடக்கே. 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் அதற்கு முன் டிசம்பர் 3, 4 தேதிகளில் நம் கரைக்குப் பக்கத்தில் மெதுவாக ஊர்ந்துகொண்டு கொட்டித் தீர்த்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் என்று தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. விமான நிலைய ஓடுபாதையையே மூட வேண்டியிருந்தது. வரைபடத்தில் புயலின் கோடு எங்கே கரையைத் தொடுகிறது என்று பார்ப்பதைவிட, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பாருங்கள். ஓடிப்போகும் புயல் மரத்தைச் சாய்க்கும். நகராமல் நிற்கும் புயல் வீட்டை மூழ்கடிக்கும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்த ஃபெஞ்சல் அங்கேயே நின்றதால் விழுப்புரம் பக்கம் பட்ட பாடு தெரியும்தானே.

"கடல் உள்வாங்கலை"ன்னு சொல்றாங்களே, நிஜமாவே கடல் தண்ணியை வாங்காதா?

வாங்காது, காரணமும் எளிது. கொசஸ்தலையாறு எண்ணூரிலும், கூவம் நேப்பியர் பாலத்துக்கு அருகிலும், அடையாறு பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவிலும் கடலில் சேர்கின்றன. ஊர் சமதளம். ஆற்றுக்கும் கடலுக்கும் மட்ட வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். புயல் காற்று கடலைக் கரைப்பக்கம் குவித்து மட்டத்தை உயர்த்தும். அதோடு கடல் ஏற்றமும் (ஹை டைட்) சேர்ந்தால் ஆற்றுத் தண்ணீர் போக இடமில்லாமல் பின்வாங்கி, கால்வாய் வழியாகத் தெருவுக்கு வரும். பக்கிங்காம் கால்வாயும் பள்ளிக்கரணைச் சதுப்பும் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மழை விட்ட பிறகும் மட்டம் ஏறுவது இதனால்தான். இன்னொரு காரணம் செம்பரம்பாக்கம் ஏரி. அதன் முழு உயரம் 24 அடி. உபரி நீர் திறந்தால் அது அடையாற்றில்தான் வரும். ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் ஆற்றோரம் இருப்பவர்கள் "எத்தனை கன அடி திறக்கிறார்கள்" என்ற செய்தியைத் தங்கள் தெரு மழையைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 2015-இல் ஆறு ஏறியது ராத்திரியில்.

மழை ஆரம்பிச்சதுமே ஈபிகாரங்க கரண்ட்டை நிறுத்திடறாங்க. இது அநியாயம் இல்லையா?

திட்டாதீர்கள். சென்னையில் பல இடங்களில் கேபிள் நிலத்தடியில் போகிறது, தெருவோர மின்பெட்டி இடுப்பு உயரத்துக்கும் கீழே இருக்கிறது. அது மூழ்கிய தெருவில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீரில் காலை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். மழைநாளில் ஏடிஎம் கதவையோ தெருவிளக்குக் கம்பத்தையோ தொட்டு உயிர்விட்டவர்கள் இந்த ஊரில் உண்டு. குழந்தைகளிடம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நடக்காதே என்று சொல்லி வையுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று தோன்றினால், வரும் முன்பே மெயினை ஆஃப் செய்யுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு ஈரக்கையோடு மீட்டர் போர்டைத் தொடக் கூடாது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் விட்டுவிட்டு மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். நிறைய பேர் மறக்கும் ஒன்று: ஈபி கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் பிளக் பாயிண்ட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதையும் அணைக்க வேண்டும். தரையில் இருக்கும் பேட்டரியை ஆள் பிடித்து மேசைமேல் ஏற்றிவிடுங்கள். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் தானாகத் துண்டிக்கும் ஈஎல்சிபி சுவிட்ச் உங்கள் போர்டில் இல்லையென்றால், அக்டோபருக்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டுங்கள்.

தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் செத்த கம்பி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் மாட்டிக்கொண்டால் காலை எட்டி வைக்காமல், பாதங்களைச் சேர்த்துத் தேய்த்தபடி விலகுங்கள்.

முழங்கால் அளவு தண்ணிதான். நடந்து போயிடலாமா?

கரண்ட் விஷயம் மேலே சொன்னேன். அது போக, ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைத் தடுமாற வைக்கும். 30 செ.மீ.யில் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும். 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும். இதைவிட மோசம், கீழே என்ன இருக்கிறது என்பது தெரியாது. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம், மூடி திறந்த சாக்கடை, மெட்ரோ வேலைக் குழி. போயே தீர வேண்டுமென்றால் நீளமான கம்பால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டு, தெருவின் நடுவில் நடங்கள்.

சுரங்கப்பாதையில் மட்டும் எந்த வண்டியிலும் இறங்காதீர்கள். நுழையும்போது டயர் அளவு தெரியும், நடுவில் கூரையைத் தொடும்.

காரை எங்க நிறுத்தறது? மேம்பாலத்துல நிறுத்தினா ஃபைன் போடுவாங்களா?

வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்தியது ஊரறிந்த செய்தி. கிண்டல் செய்தவர்கள் பலர். மிக்ஜாமில் கார் மூழ்கிய ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. ஆம்புலன்ஸ் போக வழி விட்டு ஓரமாக நிறுத்துங்கள், போலீஸ் எடுக்கச் சொன்னால் எடுங்கள். மேட்டுப் பகுதியில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அதுதான் தொந்தரவில்லாத வழி. மரத்தடியும் பழைய காம்பவுண்டுச் சுவர் ஓரமும் வேண்டாம்.

மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினுக்குள் போன தண்ணீர் அழுந்தாது, உள்ளே ராடு வளைந்துவிடும். பிறகு "நீங்களாக ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்" என்று இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் இன்ஜின் சேதம் பல சமயம் வராது, அதற்கென்று கூடுதல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். மழைக்கு முன் பாலிசியை எடுத்துப் பாருங்கள். மூழ்கிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரைக் காய்ந்துவிட்டது என்று சார்ஜ் போடாதீர்கள்.

எங்கப்பா "நான் பார்க்காத மழையா"ன்னு வீட்டை விட்டு நகர மாட்டேங்கிறார். தரைத்தளம் வேற. என்ன பண்றது?

பயமுறுத்தினால் இன்னும் பிடிவாதம்தான் கூடும். பத்திரமும் ரேஷன் கார்டும் உங்கள் பொறுப்பு, பத்திரமாக அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். வேலை கொடுத்தால் பெரியவர்கள் கிளம்புவார்கள். பேரப்பிள்ளையை விட்டுக் கூப்பிடச் சொல்வதும் பலிக்கும்.

எதுவானாலும் பகல் வெளிச்சத்தில் முடிவெடுங்கள். மேலே சொன்னபடி ஆறு ராத்திரியிலும் ஏறும். முட்டிவலி உள்ள எழுபது வயதுக்காரரைக் காலையில் ஆட்டோவில் கூட்டிப்போவது ஒரு விஷயமே இல்லை. அவரையே நள்ளிரவில் படகில் ஏற்றுவது நான்கு பேர் வேலை. வேறு இடம் இல்லையென்றால் மாநகராட்சிப் பள்ளிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் நிவாரண முகாம் போடுவார்கள். அங்கே போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வீட்டுல சர்க்கரை நோயாளி இருக்காங்க, மாமியாருக்கு டயாலிசிஸும் நடக்குது. கரண்ட் போச்சுன்னா?

பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம்வரை தாங்கும். பெட்டியில் உள்ள விவரத்தைப் படியுங்கள். திறக்காதவற்றை ஃபிரிட்ஜிலேயே விட்டு, கதவை அடிக்கடி திறக்காதீர்கள். கரண்ட் வர நாளாகும் என்றால், பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஈரமண் பானைக்குள் நனையாமல் வைக்கலாம். ஐஸ் மேல் நேராக வைத்து உறைந்துபோனால் பயன்படுத்தக் கூடாது.

டயாலிசிஸை எச்சரிக்கை வந்ததுமே ஒரு நாள் முன்னதாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடினால் மாற்று சிலிண்டர் வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணி இருந்தால் மருத்துவமனைக்குப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டுக்கு முன்பே போய்விடுங்கள்.

ஜெனரேட்டரை மழை படாம உள்ளே வச்சு ஓட்டலாமா?

கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மூடிய பார்க்கிங்கும் "உள்ளே" என்பதில் சேர்த்திதான்.

பீச்சுக்குப் போய் அலையைப் பார்த்துட்டு உடனே வந்துடறோமே?

போலீஸ் துரத்துவது சும்மா இல்லை. புயல் நேரத்து அலை சொல்லிவிட்டு வராது, பட்டினப்பாக்கத்தில் வீட்டையே அரித்துக்கொண்டு போகிறது. 2012-இல் நீலம் புயலின்போது ஒரு கப்பலையே பெசன்ட் நகர் பக்கம் தரைதட்ட வைத்தது கடல். டிவியில் பாருங்கள்.

ஏரி உடைஞ்சுடுச்சுன்னு ஒரு ஆடியோ வந்திருக்கு. ஃபார்வர்ட் பண்ணட்டுமா? யாரைக் கூப்பிட்டுக் கேக்கறது?

தேதி இல்லாத, பேசுபவர் யாரென்று தெரியாத ஆடியோவை நிறுத்திவிடுங்கள். மாநகராட்சிக்கு 1913. மாநில பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. மின்சாரப் புகாருக்கு 94987 94987. ஆம்புலன்ஸ் 108, எந்த அவசரத்துக்கும் 112. இவற்றை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். போன் செத்துவிட்டால் பக்கத்து வீட்டு போனில் அடிக்கலாமே. கூப்பிடும்போது தெருப் பெயர், பக்கத்தில் உள்ள கோயிலோ கடையோ, எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் யார் என்று சொல்லுங்கள். "உடனே வாங்க" என்று மட்டும் கத்தினால் படகு தெருவைத் தேடிக்கொண்டிருக்கும்.

தண்ணி வடிஞ்சாச்சு. வீட்டுக்குப் போய்க் கழுவ ஆரம்பிக்கலாமா?

முதலில் கதவைத் திறந்து காற்றோட விட்டு, கேஸ் வாசனை வருகிறதா என்று பாருங்கள். எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். பாம்பும் தேளும் ஷூவுக்குள்ளும் மடித்த பாய்க்குள்ளும் ஒதுங்கியிருக்கும். கழுவித் தள்ளும் முன் சேதத்தைப் போட்டோ எடுங்கள். நிவாரணத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அது வேண்டும்.

சம்ப்பில் வெள்ளம் புகுந்திருந்தால் அந்தத் தண்ணீரை மேலே ஏற்றவே வேண்டாம். முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே புதுத் தண்ணீர் விட வேண்டும். அதுவரை குடிநீர் குமிழி விட்டுக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடமாவது கொதிக்க விட்டு இறக்குங்கள். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் "வெள்ளத்துல நடந்தேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் பொண்ணு டல்லாஸ்ல இருக்கா. போன்ல டொர்னாடோ வார்னிங்னு அலறுதாம். அவளுக்கும் இதையே சொல்லட்டுமா?

வேண்டாம், பாதி தலைகீழாகிவிடும். நம் புயல் நூற்றுக்கணக்கான கி.மீ. அகலம், வருவது நாள்கணக்கில் முன்பே தெரியும். டொர்னாடோ பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம், சில நிமிட வேலை. ஆனால் உச்ச வகையில் காற்று மணிக்கு 320 கி.மீ.யைத் தாண்டும். எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. 2019 அக்டோபர் 20 இரவு வடக்கு டல்லாஸையே ஒன்று கிழித்துக்கொண்டு போனது. நம் நாட்டிலும் வராமல் இல்லை. 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரியில் ஒன்று அடித்தது.

அங்கே "வாட்ச்" என்றால் வரக்கூடிய சூழல் இருக்கிறது, "வார்னிங்" என்றால் வந்தேவிட்டது அல்லது ரேடாரில் தெரிகிறது. வார்னிங் வந்தால் வெள்ளத்துக்குச் சொன்னதுபோல் மேலே ஏறக் கூடாது, கீழே இறங்க வேண்டும். நிலவறை இருந்தால் அங்கே. இல்லையென்றால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத குளியலறையிலோ அலமாரி அறையிலோ உட்கார்ந்து தலையை மெத்தையாலோ ஹெல்மெட்டாலோ மூட வேண்டும். காரில் இருந்தால் பாலத்தடியில் நிறுத்தக் கூடாது. அங்கே காற்று இன்னும் வேகமாகப் பாயும். ஒரு விஷயம் மட்டும் இரண்டு ஊருக்கும் பொது: ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் குறையும் என்பது அங்கேயும் பொய்தான். இதையெல்லாம் இப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வார்னிங் அலறும்போது இங்கிருந்து வீடியோ கால் போட்டு "எங்கே இருக்கே, காட்டு" என்று அவளை ஜன்னல் பக்கம் வரவழைக்காதீர்கள்.